பூனையின் கண்ணுக்கு இரண்டு பக்கம், மாமாவின் கண்ணுக்கு ஒரு வரி

கேள்வி: காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டத்துச் சாளையில் ஒரு செவலைக் கடுவன் பூனை இருக்கிறது. மாமனார் அங்கே தனியாக இருக்கிறார். நாங்கள் திருப்பூரில், ஞாயிற்றுக்கிழமை போய் வருவோம். பூனை மாமாவைத் தவிர யாரையும் கிட்ட விடாது, சீறும். ஒரு கண்ணில் ஓயாமல் நீர் வழிகிறது, தும்முகிறது, காதைப் பிறாண்டுகிறது, கழுத்தில் ஒரு புண் வேறு. மாமாவுக்குக் கண் சரியாகத் தெரியாததால் அவர் இதைக் கவனிக்கவில்லை. அவருக்கு முன்பு வாங்கிய கண் சொட்டு மருந்து பாதி பாட்டில் அலமாரியில் சும்மா கிடக்கிறது. அதைப் பூனைக்கு விடலாமா?
(பெயர் வேண்டாம், திருப்பூர். நீளம் கருதிக் கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்: விடக் கூடாது, அம்மணி. மனிதர்களுக்கு எழுதிக்கொடுக்கும் கண் மருந்து சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். பூனையின் கருவிழியில் புண் இருந்தால் அது புண்ணை ஆழமாக்கிக் கண்ணையே கெடுத்துவிடும். மூடி திறந்து ஒரு மாதம் தாண்டிய சொட்டு மருந்தை யாருக்குமே விடக் கூடாது.

அந்த பாட்டில் ஏன் பாதியில் நின்றது? கடிதம் முழுக்கத் தேடினேன், பதில் இல்லை. பூனையின் கண்ணில் வழியும் நீர் என்ன நிறம், எந்த நேரம் அதிகம் என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். மாமனாரின் கண்ணுக்கு ஒரே வரி. அதுவும் பூனையை அவர் கவனிக்காததற்குக் காரணமாக.

யாரோ ஒரு டாக்டர் பார்த்துத்தானே எழுதிக்கொடுத்திருப்பார்? என்ன நோய் என்று சொன்னார்? புரை என்றால் எந்தச் சொட்டு மருந்தும் அதைக் கரைக்காது, ஆபரேஷன்தான் வழி. கிளாக்கோமா என்கிற கண் நீர் அழுத்த நோயாக இருந்தால் கதையே வேறு. அதற்கு மருந்தைத் தினமும் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் வலி ஏதும் இல்லாமல் பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வரும், போனது திரும்பாது. சும்மா கிடக்கிறது என்கிறீர்களே, அது நிறுத்தக்கூடிய மருந்துதானா என்று உங்கள் வீட்டில் யாருக்காவது தெரியுமா? கோவையில் அரவிந்த் கண் மருத்துவமனை 1997-லிருந்து இருக்கிறது. பணம் கட்ட முடியாதவர்களுக்கு இலவசமாகவும் ஆபரேஷன் செய்கிறார்கள். திருப்பூரில் இருந்துகொண்டு தூரத்தையும் செலவையும் சாக்காகச் சொல்ல முடியாது. அந்த பாட்டிலைக் கையோடு எடுத்துப் போங்கள், மருந்தின் பெயரை டாக்டர் பார்க்க வேண்டும்.

பிழைப்புக்காக டவுனில் குடியிருப்பதைக் குறை சொல்ல மாட்டேன். நம் பக்கத்தில் எத்தனையோ தோட்டங்களில் இன்று ஒரு வயசாளியும் ஒரு நாயோ பூனையோதான் காவல். ஆனால் வாரம் ஒரு நாள் போய்ச் சோறாக்கி வைத்துவிட்டு வந்தால் கடமை தீர்ந்தது என்பதை என்னால் ஒத்துக்கொள்ளவே முடியாது. அப்புறம், கடிதத்தில் உங்கள் வீட்டுக்காரரைக் காணவே காணோம். பெற்ற மகன் அவர். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் ஆஸ்பத்திரி வரிசையில் முதலில் உட்கார வேண்டியவர் அவர்தான். இந்தப் பதிலை அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

சரி, பூனை. கண் மருந்தென்றால் ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை விட வேண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை வருகிறவரால் அது ஆகாது. மாமாவைத் தவிர யாரையும் அண்ட விடாத பூனைக்கு அவர்தான் விட வேண்டும், அதற்கு அவருக்குக் கண் தெரிய வேண்டும்.

தும்மலும் கண்ணில் நீரும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் பூனைச் சளி. அந்த வைரஸ் உடம்பிலேயே தங்கி, பூனை சோர்ந்த நேரம் பார்த்து மறுபடி கிளம்பும். காதுக்குள் காப்பித்தூள் போலக் கறுப்பாக இருந்தால் காதுப் பூச்சி. கழுத்துப் புண் கடுவன்கள் சண்டையில் வாங்குவது. மேலே காய்ந்து மூடிக்கொண்டு உள்ளே சீழ் கட்டும், ஆறிவிட்டது என்று நம்பாதீர்கள். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தால் சண்டையும் ஊர் சுற்றுவதும் வெகுவாகக் குறையும். எதற்கு என்ன மருந்து என்பதைக் கால்நடை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். மாட்டுக்கும் நாய்க்கும் வைத்திருக்கும் உண்ணி மருந்தை மட்டும் அதன்மேல் தடவிவிடாதீர்கள். அவற்றில் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் வகை மருந்து பூனைக்கு விஷம், வலிப்பு வந்து செத்துப்போகும். பாரசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லும்.

துரத்திப் பிடிக்க வேண்டாம். மாமாவின் கயிற்றுக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கம்பிவலைக் கூண்டைக் கதவு திறந்தபடி வையுங்கள். உள்ளே அவருடைய துவைக்காத பழைய துண்டை விரித்து, தினமும் சோற்றை அதற்குள்ளேயே வைக்கச் சொல்லுங்கள். ஒரு வாரம் பத்து நாளில் தயங்காமல் உள்ளே போகும். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் காலையில் அவரே கதவைச் சாத்தட்டும். மேலே போர்வை போட்டு மூடினால் இருட்டில் ஓரளவு அடங்கிவிடும். பிறாண்டினாலோ கடித்தாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரியில் காட்டி வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். போன வாரமே பிறாண்டியிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது. வருகிற ஞாயிறு முதலில் அவர் கைகளைப் பாருங்கள்.

கண் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டால் மகன் லீவு போட்டுச் சாளையில் தங்கட்டும். மாமாவுக்கு வேளாவேளைக்கு மருந்து விட ஆள் வேண்டும். கண்ணில் புண் ஆறும்வரை பூனை அவர் முகத்துக்குப் பக்கத்தில் வராமலும் பார்க்க வேண்டும். அந்த நாட்களில் கூண்டுக்குச் சோறு வைப்பதும் மகன் வேலையாகவே இருக்கட்டும், பூனை அவருக்கும் பழகும்.