கட்டத்தோடு கட்டம் சேராதது ஏன்? (வாசகர் கடிதமும் பதிலும்)

வணக்கம். குடியாத்தத்தில் வீட்டிலேயே பிளவுஸ், சுடிதார் தைத்துக் கொடுக்கிறேன். அக்கா பேரனுக்காகப் பழைய கைத்தறி லுங்கிகளை வெட்டி ஒரு குவில்ட் (அடுக்கடுக்காக வைத்துத் தைக்கும் போர்வை) தைத்தேன். 6 அங்குலக் கட்டங்கள், அகலத்தில் 6, நீளத்தில் 7. நாலு கட்டம் கூடும் மூலை ஒன்றுகூட நேராக வரவில்லை. மேலும் கீழும் சேர்த்து மிஷினில் ஓட்டினால் அடித்துணி மடிந்து மடிந்து மாட்டிக்கொள்கிறது. உள்ளே இலவம் பஞ்சு வைக்கலாமா? வீடியோக்களில் பீஸிங், பேட்டிங், பாஸ்டிங், பைண்டிங் என்று ஏதேதோ சொல்கிறார்கள். எது என்னவென்றே புரியவில்லை.

ஒரு வாசகி, குடியாத்தம்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் சொற்களைத் தீர்த்துவிடலாம். கட்டங்களை ஒன்றோடொன்று இணைத்தீர்களே, அந்த ஒட்டுவேலைதான் பீஸிங். அது முடிந்ததும் கையில் இருப்பது மேல்துணி மட்டும். அதன் கீழே பேட்டிங் என்கிற நிரப்பு, அதற்கும் கீழே அடித்துணி. மூன்றையும் ஊடுருவிப் போடும் தையலுக்குத்தான் குவில்டிங் என்று பெயர். அதற்கு முன்னால் மூன்றும் நகராமலிருக்க நீள நீளமாகப் போட்டு, பிறகு உருவி எடுக்கும் தற்காலிகத் தையல் பாஸ்டிங். ஓரத்தை மூடும் பட்டி பைண்டிங். ஒட்டுவேலையே இல்லாத குவில்டும் உண்டு. வங்காளத்துக் காந்தா, பழைய சேலைகளை அடுக்கி வெறும் ஓட்டுத்தையலில் செய்வது. அதற்குள் பஞ்சுகூடக் கிடையாது.

மூலை சேராததற்குக் காரணம் உங்கள் பிளவுஸ் கைதான். பிளவுஸில் தையல் ஒரு நூல் உள்ளே போனாலும் உடம்பு ஏற்றுக்கொள்ளும், பிறகு பிரித்துவிடவும் இடம் இருக்கும். இங்கே அந்தச் சலுகை இல்லை. 6 கட்டம் உள்ள வரிசையில் 5 தையல். ஒவ்வொன்றும் ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு உள்ளே தள்ளிப்போனால், இரண்டு துணியிலுமாக ஒரு தையலுக்கு அரைக்கால் அங்குலம் போய்விடும். வரிசை முடியும்போது அரை அங்குலத்துக்கு மேல் குறைந்திருக்கும். பக்கத்து வரிசை சரியாக வந்திருந்தால் இரண்டும் எப்படிச் சேரும்?

தையலுக்கு விடுவது கால் அங்குலம், அதற்கு மேல் வேண்டாம். 6 அங்குலக் கட்டம் வேண்டுமென்றால் ஆறரை அங்குலமாக வெட்டுங்கள். மிஷின் ஊசியை இஞ்ச் டேப்பின் கால் அங்குலக் கோட்டில் இறக்கி, டேப்பின் முனை நிற்கும் இடத்தில் தகட்டின்மேல் பிளாஸ்டரை நாலு மடிப்பாக ஒட்டுங்கள். துணியின் ஓரம் அதை உரசிக்கொண்டே போகட்டும். சரியா என்று பார்க்க, ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டிகளைச் சேர்த்துத் தைத்து அயர்ன் செய்து அளக்கவும். நடுப்பட்டி சரியாக ஒரு அங்குலம் இருக்க வேண்டும். பெரும்பாலும் கொஞ்சம் குறையும், ஏனென்றால் மடிப்பே ஒரு நூலிழை அளவு துணியைத் தின்னும். பிளாஸ்டரை அந்த நூலிழை அளவுக்கு ஊசிப்பக்கம் நகர்த்துங்கள். டெய்லர் சாக் கோடும் தடிமன்தான். தேய்ந்த சோப்புச் சில்லைக் கூராக்கியோ பென்சிலாலோ கோடு போடுவது நல்லது.

லுங்கி எடுத்ததில் ஒரு வசதியும் ஒரு தொல்லையும் உண்டு. நெய்த கட்டம் என்பதால் கோடே ஸ்கேல். ஆனால் பலமுறை துவைத்த துணி கோணியிருக்கும். வெட்டுவதற்கு முன் ஈரத்தில் எதிர்மூலைகளைப் பிடித்து இழுத்து, பாவும் ஊடையும் (நீள நூலும் குறுக்கு நூலும்) நேராகும்படி செய்யுங்கள். பிறகு கஞ்சி போட்டுக் காயவைத்து அயர்ன் செய்து வெட்டுங்கள். கஞ்சித் துணி தைக்கும்போது இழுபடாது. கடைசித் துவைப்பில் கஞ்சி போய்விடும். சாயம் இறங்கும் துணியா என்று வெந்நீரில் ஒரு வெள்ளைத் துண்டோடு ஊறவைத்துப் பாருங்கள். நைந்த இடம் வேண்டவே வேண்டாம்; அங்கே தையல் நிற்காது, துணிதான் கிழியும். ஆரணிப் பட்டுத் துண்டுகள் கையில் இருந்தால் ஆசைப்படாதீர்கள். பட்டும் பருத்தியும் ஒரே மாதிரி சுருங்காது.

அயர்ன் செய்யும்போது பெட்டியைத் தள்ளாமல் வைத்து எடுக்க வேண்டும். தள்ளினால் வரிசை அலை அலையாக நீளும். முதல் வரிசையில் தையலுக்கு விட்ட துணியையெல்லாம் இடப்பக்கம் சாய்த்தால், அடுத்த வரிசையில் வலப்பக்கம் சாயுங்கள். வரிசைகளைச் சேர்க்கும்போது இரண்டு மேடும் முதுகோடு முதுகு முட்டி நிற்கும். விரலால் தடவினாலே தெரியும். அங்கே ஒரு குண்டூசி. இரண்டையும் ஒரே பக்கம் சாய்த்தால் மூலையில் 9 அடுக்குத் துணி ஏறும், மாற்றிச் சாய்த்தால் 7. உங்கள் மிஷின் மூலைக்கு மூலை திணறியிருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

இனி அடித்துணி. சாதாரண மிஷினில் கீழே இருக்கும் பல் அடித்துணியை மட்டும்தான் இழுக்கும். மேல்துணியைப் பாதம் அழுத்திப் பின்தங்க வைக்கும். அதோடு அடித்துணி தளர்வாகவும் இருந்தால் மடிப்பு விழத்தான் செய்யும். அடித்துணியையும் நிரப்பையும் மேல்துணியைவிடச் சுற்றிலும் 2 அங்குலம் பெரிதாக வெட்டுங்கள். உங்கள் 36க்கு 42 அளவுக்கு 40க்கு 46 வேண்டும். பழைய நாலு முழ வேட்டி இதற்குத் தாராளம், கை ஊசியும் அதில் சுலபமாக இறங்கும். தரையில் அடித்துணியை விரித்து, தொய்வில்லாமல், ஆனால் விறைப்பாக இழுக்காமல், ஓரங்களை டேப்பால் ஒட்டுங்கள். அதன்மேல் நிரப்பு, அதன்மேல் மேல்துணி. நடுவிலிருந்து வெளியே நோக்கி, 4 அங்குலத்துக்கு ஒரு வரி பாஸ்டிங் போடுங்கள். இதில் சோம்பல்பட்டால் பிறகு எந்த வித்தையும் காப்பாற்றாது.

மிஷினில் பாதத்தின் அழுத்தத்தை மேல் திருகால் கொஞ்சம் தளர்த்தி, 14 நம்பர் ஊசி போட்டு, தையல் நீளத்தை 3 மில்லிமீட்டராக வையுங்கள். முதல் கோடு நடுவில், பிறகு இருபக்கமும். கையால் போடுவதானால் நூல் முழங்கை நீளத்துக்கு மேல் வேண்டாம். சின்ன முடிச்சு போட்டு, மேல்துணியைக் குத்தி, வெடுக்கென்று இழுத்தால் முடிச்சு உள்ளே போய் நிரப்பில் மாட்டிக்கொள்ளும். ஒரு அங்குலத்துக்கு 5 தையல் ஒரே சீராக வந்தால் ஆரம்பத்துக்குப் போதும். லுங்கிக் கோடுகளையே பின்பற்றித் தைத்தால் தனியாகக் கோடு போடும் வேலையும் மிச்சம்.

இலவம் பஞ்சு தலையணைக்கு நல்லது, குவில்டுக்கு உதவாது. அதன் இழை வழவழப்பானது, குட்டையானது, ஒன்றையொன்று பிடிக்காது. இரண்டு துவைப்பில் மூலைக்கு ஓடி உருண்டைகட்டும். பருத்திப் பஞ்சை உதிரியாகப் பரப்பினாலும் தையல்கள் நெருக்கமாக இல்லையென்றால் இதே கதிதான். மெத்தையில் அங்கங்கே நூல் கோர்த்து முடிச்சுப் போடுவது பஞ்சு ஓடாமலிருக்கத்தானே. ஏலகிரியிலோ ஜவ்வாது மலையிலோ இருக்கும் குழந்தைக்கென்றால் கனமான நிரப்பை யோசிக்கலாம். வேலூர் வெயிலுக்குப் பழைய பருத்திச் சேலையை இரண்டாக மடித்து வைத்தால் ஏராளம். அது நகரவும் நகராது.

ஓரப்பட்டிக்குக் கிராஸ் (துணியைச் சாய்வாக) வெட்ட வேண்டாம். கழுத்து வளைவுக்குத்தான் கிராஸ். நேர் ஓரத்துக்கு நேர்த்துணி போதும், துணியும் வீணாகாது. இரண்டரை அங்குலப் பட்டியை நீளவாக்கில் இரண்டாக மடியுங்கள். சுற்றளவு 156 அங்குலம். இணைப்புக்கும் மூலைகளுக்கும் சேர்த்து, 42 அங்குல நீளத்தில் 5 பட்டி வெட்டிக்கொள்ளுங்கள். 4 பட்டி போதும்போல் தோன்றும், முடியும் இடத்தில் பற்றாது. மூலைக்குக் கால் அங்குலம் முன்பே நிறுத்தி, பட்டியைச் சாய்வாக மேலே மடித்து, திரும்பக் கீழே மடித்துத் தொடருங்கள்.

தைத்து வைத்திருப்பதில் கட்டத் தையல்களைப் பிரிக்காதீர்கள். கோணலான மூலைகளோடு அது குழந்தைக்குப் போதும். மேலும் கீழும் சேர்த்த தையலை மட்டும் பிரித்து, அடித்துணியை அயர்ன் செய்து, மேலே சொன்னபடி தரையில் ஒட்டுவதிலிருந்து தொடங்குங்கள்.