கொட்டகையில் கிடந்த டட்சன்: முதலில் தகரத்தைப் பாருங்கள்

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் குடியிருக்கிறோம். அப்பா ஓட்டிய டட்சன் 120ஒய், அவர் தவறியதிலிருந்து பன்னிரண்டு வருஷமாக வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் நிற்கிறது. கார்போர்ச்சுக்குக் கொண்டுவந்து நானே சரிசெய்ய ஆசை. புது பேட்டரி வாங்கிவிட்டேன். ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு பெயிண்ட் அடிக்கலாமா? பழைய இன்ஜினைத் தூக்கிப் போட்டுவிட்டு ஹாஃப்கட் இன்ஜின் (பாதியாக வெட்டி இறக்குமதியாகும் பழைய காரின் இன்ஜின்) மாட்டச் சொல்கிறார்கள் நண்பர்கள். என்ன செய்யலாம்?

பதில்: பேட்டரி அப்படியே பெட்டியில் இருக்கட்டும், தம்பி. இத்தனை வருஷம் ஓடாத இன்ஜினில் பிஸ்டன் ரிங் வறண்டு, லேசான துருவோடு சிலிண்டர் சுவரில் ஒட்டியிருக்க வாய்ப்பு அதிகம். சாவியைத் திருப்பி முரட்டுத்தனமாகச் சுற்றவிட்டால் ரிங் உடையும், இல்லாவிட்டால் சுவரில் கீறல் விழும். இன்ஜினுக்கு அப்புறம் வருகிறேன். இந்தக் கார் பிழைக்குமா, பிழைக்காதா என்பதைத் தகரம்தான் சொல்லும்.

120ஒய் 1970களின் கார். இன்றைய கார்களுக்கு உள்ள துருத் தடுப்பு அதற்கு இல்லை. நம் ஊர் மழையும் புழுக்கமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். தரை விரிப்பை முழுக்கக் கழற்றிவிட்டு, ஒரு ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். 'டங்' என்று கேட்டால் நல்லது. மந்தமாகக் கேட்டால் கூரான முனையால் குத்திப் பாருங்கள். கதவுக்குக் கீழே ஓடும் தகர விளிம்பு (சில்), நான்கு சக்கர வளைவுகள், பின்னால் சாமான் வைக்கும் பூட்டில் ஸ்பேர் டயர் கிடக்கும் குழி, பேட்டரித் தட்டு, முன்கண்ணாடி ரப்பருக்கு அடியில் என்று எதையும் விடாதீர்கள். கொட்டகையில் காரோடு சேர்த்து என்ன வைத்திருந்தீர்கள் என்பதையும் யோசித்துப் பாருங்கள். தோட்டத்துக் கொட்டகை என்றால் உரமூட்டை இல்லாமல் இருக்காது. செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் ஒரு வகை உப்புதான். ஈரம் பட்டுக் கசிந்தால் தகரத்தை அரித்துவிடும். ரப்பர் பால் உறைய ஊற்றும் அசிட் டின் இருந்திருந்தால் அதன் ஆவியும் அதே வேலையைச் செய்யும்.

தரையில் கையகல ஓட்டை இருந்தால் பயப்பட வேண்டாம், ஒட்டுப் போடலாம். முன் ஸ்டரட்டின் (முன்சக்கரத்தின் ஷாக் அப்சார்பர் தூண்) மேல்முனை பாடியில் உட்காரும் இடமும், பின்னால் லீஃப் ஸ்பிரிங் மாட்டும் கொக்கிகளும் வேறு கதை. வண்டியின் எடையே அங்கேதான் நிற்கிறது. அந்த இடங்களில் ஸ்க்ரூடிரைவர் உள்ளே இறங்கினால், பாடி வேலை தெரிந்த ஒருவரைக் கூட்டிவந்து காட்டாமல் ஒரு வெள்ளிகூடச் செலவழிக்காதீர்கள்.

ஒட்டுப் போடுவதை கேட் செய்யும் வெல்டிங் கடையில் கொடுக்காதீர்கள். அங்கே செய்யும் குச்சிக் கம்பி வெல்டிங் கார்த் தகரத்தின் மெல்லிய தகட்டை ஓட்டையாக்கிவிடும். மிக் வெல்டிங் (வாயு பாய்ச்சி மெல்லிய கம்பியால் ஒட்டுவது) வைத்திருக்கும் பெங்கேலை, அதாவது பட்டறையைத் தேடுங்கள். துருவை வெட்டி எடுத்துவிட்டு நல்ல தகரத்தோடு நல்ல தகரத்தைச் சேர்க்க வேண்டும். துருவின் மேல் புட்டி பூசுகிற ஆள் என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். வெல்டிங்குக்கு முன்னால் பெட்ரோல் டாங்கியைக் கழற்றி வெளியே வைப்பது உங்கள் பொறுப்பு. காலி டாங்கிதான் அதிக ஆபத்து, உள்ளே நிற்பது ஆவி.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும். கார்போர்ச்சை ஒட்டிச் சாமி மாடம் இருந்தால், டாங்கி, கார்பரேட்டர் வேலை நடக்கும் நாளில் விளக்கும் சாம்பிராணியும் வேண்டாம். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பார்ட்ஸ் கழுவ பெட்ரோலுக்குப் பதில் மண்ணெண்ணெய் போதும். ஜாக்கை மட்டும் நம்பியோ செங்கல் அடுக்கியோ காருக்கு அடியில் போகக் கூடாது. காரைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்ட் வாங்குங்கள். மண்தரையாக இருந்தால் அடியில் கனமான பலகை வையுங்கள்.

இனி இன்ஜின். ஹாஃப்கட் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. உங்கள் காரில் இருப்பது 1171 சிசி ஏ12 இன்ஜின். டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். கையால் பழகுவதற்கு இதைவிட எளிய இன்ஜின் கிடைப்பது கஷ்டம். போதாக்குறைக்கு, இன்ஜினை மாற்றினால் ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதி வாங்கிப் பதிய வேண்டும். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு மூன்று ஸ்பூன் இன்ஜின் ஆயிலும் ஆட்டோ கியருக்கு ஊற்றும் ஏடிஎஃப் ஆயிலும் கலந்து ஊற்றி இரண்டு நாள் ஊறவிடுங்கள். பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, முன்னால் உள்ள கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு, கடிகார முள் சுற்றும் பக்கமாக மெல்லத் திருப்புங்கள். அசையவில்லையா, மறுபடி ஊற்றிக் காத்திருங்கள். நீளக் குழாய் மாட்டி மல்லுக்கட்டாதீர்கள்.

முழுச் சுற்று சுற்றிய பிறகு ஆயில், ஃபில்டர் மாற்றுங்கள். டாங்கியில் உள்ள பழைய பெட்ரோல் பிசினாகியிருக்கும். அதை வடித்து, டாங்கியைக் கழுவி, ரப்பர் குழாய் எல்லாம் புதிதாகப் போட்டு, கார்பரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட் முனையைத் தேய்த்து, இடைவெளியை அரை மில்லிமீட்டர் அளவில் வையுங்கள். ஏ12-இல் பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். அந்தக் காலத்தில் பலரும் ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீரைத்தான் ஊற்றினார்கள், இரண்டு உலோகம் சேர்ந்த இடத்தில் அது அரிக்கும், அதனால் அரிப்பு உள்ளேயும் இருக்கலாம். ஆயில் பால் கலந்த டீ மாதிரி வந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம், ஹெட்டைக் கழற்றாமல் முடியாது. வயரையும் முழுக்கப் பாருங்கள், எலி கடித்திருக்கலாம். செம்பனைத் தோட்டங்களில் எலிக்காக ஆந்தைக் கூடு கட்டி வைப்பார்கள், உங்கள் கொட்டகைக்கு ஆந்தை வந்திருக்காது.

பிரேக்கில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் ரப்பர், ஹோஸ், ஃப்ளூயிட் எல்லாமே புதிது. அந்த ரப்பரை மண்ணெண்ணெய், பெட்ரோல், இன்ஜின் ஆயில் எதிலும் கழுவக் கூடாது, உப்பிவிடும். பிரேக் ஃப்ளூயிடிலேயே கழுவுங்கள். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தூசியைக் காற்றடித்து ஊதாமல், ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

காகித வேலையை இதோடு கூடவே நடத்துங்கள். கிரண்ட் (வண்டியின் பதிவுப் பத்திரம்) அப்பா பெயரில்தானே இருக்கும்? இறந்தவர் பெயரிலிருந்து மாற்ற, சொத்துப் பிரிக்கும் அரசு நிறுவனமான அமானா ராயா அல்லது நீதிமன்றம் தரும் கடிதம் தேவைப்படும், அதற்கு நாள் பிடிக்கும். ரோட்டேக்ஸ் இத்தனை வருஷம் விட்டுப்போனதற்கு என்ன செய்ய வேண்டும், புஸ்பாகோம் (வாகனச் சோதனை மையம்) சோதனை எது என்பதை, கிரண்டை எடுத்துக்கொண்டு போய் ஜேபிஜே கவுண்டரிலேயே கேளுங்கள். சேஸி எண் பொறித்த இடத்தில் கிரைண்டரோ வெல்டிங்கோ படக் கூடாது.

பெயிண்ட் கடைசி வேலை. வெல்டிங் தீப்பொறியும் பிரேக் ஃப்ளூயிடும் பட்டால் புது பெயிண்ட் போச்சு. நிறத்தை மாற்ற நினைத்தால் அதையும் ஜேபிஜேயில் பதிய வேண்டும். அதனால் அப்பா வைத்திருந்த நிறமே இருக்கட்டும். வீட்டில் தேய்த்து பிரைமர் வரை நீங்களே செய்யுங்கள். மேல்பூச்சை மட்டும் பெயிண்ட் அறை உள்ள பெங்கேலுக்கு விடுங்கள், போர்ச்சில் அடித்தால் சாயங்காலத்துக்குள் கொசு ஒட்டியிருக்கும். ரோட்டேக்ஸும் இன்சூரன்ஸும் வரும்வரை அந்தப் பெங்கேலுக்கு லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.