வாரினாலும் வளரும் ஆகாயத்தாமரை

கேள்வி: எங்கள் ஊர் ஏரியில் ஆகாயத்தாமரையை ஆள் வைத்து வாரிக் கரையில் போட்டோம். அடுத்த மழைக்கே மறுபடி மூடிக்கொண்டது. ஏன்?
- வாசகர், செங்கல்பட்டு மாவட்டம்

பதில்: கரையில் போட்டீர்களே, அங்கேதான் கோளாறு. அது அங்கேயே அழுகி, மழையில் கரைந்து, உறிஞ்சிய சத்தெல்லாம் திரும்ப ஏரிக்குள் போய்விட்டது. அந்தச் சத்து ஏரிக்கு வந்ததே வயலிலிருந்தும் சாக்கடையிலிருந்தும்தான். வயலில் போடும் யூரியாவில் நெல் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் பாதிகூட இல்லை, மீதி காற்றோடும் தண்ணீரோடும் போகிறது. சரி, யூரியா தரும் அந்தத் தழைச்சத்தில், அதாவது நைட்ரஜனில், ஒரு பகுதியையாவது சேற்றிலுள்ள பாக்டீரியா வாயுவாக்கிக் காற்றுக்கே அனுப்பிவிடும், ஆனால் மணிச்சத்துக்கு, அதாவது பாஸ்பரஸுக்கு, அந்த வழி கிடையாது, டி.ஏ.பி. உர மூட்டையிலிருந்தோ சாக்கடையிலிருந்தோ வந்து அடிவண்டலில் உட்கார்ந்துகொண்டு, தண்ணீரில் ஆக்சிஜன் குறையும்போதெல்லாம் மெல்லக் கரைந்து மேலே வரும். முன்பு கோடையில் வண்டி கட்டி ஏரி வண்டலை அள்ளி வயலில் கொட்டுவார்கள், போன சத்து வயலுக்கே திரும்பும். இப்போது அதே மணிச்சத்துக்காக மொராக்கோவிலிருந்தும் ஜோர்டானிலிருந்தும் பாறை பாஸ்பேட் கப்பலில் வருகிறது, நாமோ வண்டலை ஏரியிலேயே விட்டுவைத்திருக்கிறோம்!

முதலில் சாக்கடை கலக்கும் வாயை அடைத்துவிடுங்கள். அப்புறம் வாரியதைக் கரையில் விடாமல் தள்ளி எடுத்துப்போய், சாணத்தோடு மட்க வைத்து வயலுக்குப் போடலாம். ஆலைக் கழிவு கலக்கும் ஏரி என்றால் மட்டும் ஈயம் போன்ற கன உலோகங்கள் இருக்கிறதா என்று பரிசோதனை செய்யாமல் தொடாதீர்கள்.