விடுதலையான பிறகும் பெல்சன் முகாமில் ஆயிரக்கணக்கானோர் இறந்தது ஏன்? பிழைத்த யூதர்கள் மீண்டது எப்படி?

1945 ஏப்ரல் 15 அன்று பிரிட்டிஷ் படை வட ஜெர்மனியில் நாஜிகள் நடத்திய பெர்கன்-பெல்சன் வதைமுகாமுக்குள் நுழைந்தபோது அங்கே சுமார் 60,000 பேர் உயிரோடு இருந்தார்கள். அதற்குப் பிறகும் 13,000 பேருக்கு மேல் இறந்தார்கள். முக்கியக் காரணம் டைஃபஸ். டைஃபாய்டு அல்ல, இது உடைப் பேன் பரப்பும் காய்ச்சல். கூடவே காசநோய், வயிற்றுப்போக்கு. இவற்றோடு சேர்ந்துகொண்டது, இரக்கப்பட்டுக் கொடுத்த சாப்பாடு.

சிப்பாய்கள் தங்கள் டப்பா இறைச்சியையும் கொழுப்பையும் அள்ளிக் கொடுத்துவிட்டார்கள். மாதக்கணக்கில் பட்டினி கிடந்த உடம்பு தன் தசையையே எரித்து ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று வயிறு நிறைந்தால் இன்சுலின் எகிறும். ரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம் எல்லாம் செல்களுக்குள் போய்விடும். இதயம் தடுமாறி நின்றுபோகும். குடல் கொழுப்பைத் தாங்காமல் பேதி வேறு.

அடுத்து வந்தது வங்காளப் பஞ்சத்தில் பயன்பட்ட கலவை: பால்பொடி, மாவு, சர்க்கரை, உப்பு, தண்ணீர். சத்துக் கணக்கில் குறையில்லை, ஆனால் ஒரே தித்திப்பு. கறுப்பு ரொட்டியும் புளிப்பும் பழகிய போலந்து நாக்குக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை, பலர் ஒதுக்கிவிட்டார்கள். ஊசி வழியாகப் புரதம் ஏற்றப் பார்த்தார்கள். மற்ற முகாம்களில் விஷ ஊசி போட்டுக் கொன்றதை அறிந்தவர்கள் சிரிஞ்சைக் கண்டதுமே அலறினார்கள். கடைசியில் கைகொடுத்தது நீர்த்த உணவைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி ஊட்டியதுதான். லண்டனிலிருந்து வந்த மருத்துவ மாணவர்கள் குடிசை குடிசையாகப் போய் அதைச் செய்தார்கள்.

பேனை ஒழிக்காமல் டைஃபஸ் போகாது. பக்கத்து டாங்கிப் பயிற்சிப் பள்ளியின் குதிரை லாயத்தில் மேசைகள் போட்டு, முடி வெட்டி, சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, டிடிடி என்ற பூச்சிக்கொல்லிப் பொடி தூவினார்கள். மறுபடியும் மொட்டையா என்று பெண்கள் கலங்கியிருப்பார்கள்; வேறு வழி இருக்கவில்லை. மே 21-இல் கடைசிக் குடிசையையும் கொளுத்தினார்கள்.

அந்தப் பயிற்சிப் பள்ளிக் கட்டடங்களே 1950 வரை அகதி முகாம். அங்கே சுமார் 2,000 குழந்தைகள் பிறந்தன. 1945 ஜூலையில் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷில் பத்திரிகை தொடங்கியபோது அச்செழுத்து கிடைக்கவில்லை. முதல் இதழைக் கையாலேயே எழுதிப் படியெடுத்தார்கள்.

கல்யாணத்தில்தான் சிக்கல். முதல் கணவர் இறந்தது உறுதியாகாமல் மறுமணம் செய்ய யூதச் சட்டம் பெண்ணை விடாது. விஷவாயுவில் மாண்டவருக்கு இறப்புச் சான்றிதழ் ஏது? எந்த முகாமில், எப்போது, சாகவா வேலைக்கா என்று பிரித்த எந்த வரிசையில் கடைசியாகப் பார்த்தது என்று கூட இருந்தவர்கள் சொல்லும் சாட்சியத்தை வைத்தே ரபிகள் எனும் யூத மதகுருக்கள் அனுமதி கொடுத்தார்கள்.