வீட்டுக்காரர் ‘ஜெர்மனி என்று ஒரு நாடே இல்லை’ என்கிறார்

கேள்வி: ஜெர்மனியின் துரிங்கியா மாநிலத்தில் முதுகலை படிக்க வந்திருக்கிறேன். வாடகை ஒப்பந்தத்தில் வீட்டுக்காரர் கையெழுத்துக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் கட்டைவிரல் ரேகை வைத்திருக்கிறார். ஆன்மெல்டுங்குக்கு, அதாவது குடிவந்த முகவரியை அரசு அலுவலகத்தில் பதிவு செய்வதற்கு, சான்று கேட்டால், “இல்லாத அரசாங்கத்துக்கு நான் ஏன் எழுதித் தர வேண்டும்?” என்கிறார். என்ன செய்வது? பயப்பட வேண்டுமா?

பதில்: நம் ஊரில் எழுதத் தெரியாதவர் வைப்பது கைநாட்டு. அங்கே நன்றாகப் படித்தவரே வைக்கிறார், ‘நான் ரத்தமும் சதையுமான மனிதன், காகிதத்தில் உள்ள பெயர் அல்ல’ என்று காட்ட. உங்கள் வீட்டுக்காரர் ‘ரைக்ஸ்பியூர்கர்’ வகையறா போலத் தெரிகிறது. பழைய ஜெர்மன் பேரரசு இன்னும் உயிரோடு இருக்கிறது, இப்போதைய ஜெர்மனி வெறும் கம்பெனி என்பது இவர்கள் வாதம். ஆதாரம்? அடையாள அட்டைக்கு ‘பெர்சோனால்ஆவுஸ்வைஸ்’ என்று பெயர். ‘பெர்சோனால்’ என்றால் ஊழியர்கள் என்றும் பொருள் உண்டு. ஆகவே குடிமக்கள் எல்லோரும் கம்பெனி ஊழியர்களாம்!

சரி, உங்கள் காரியத்துக்கு வருவோம். குடிபுகுந்து 2 வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் சான்று தர வேண்டும் என்று பதிவுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு சொல்கிறது. தராவிட்டால் அவருக்கு 1,000 யூரோ வரை அபராதம் வரலாம். அவர் மறுத்தால் உடனே பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. முதலில் சான்று கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். அப்புறம் அதன் நகலையும் ஒப்பந்தத்தையும் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போங்கள். அவரை மடக்குவது அவர்கள் வேலை.

பயம் பற்றி. உள்நாட்டு உளவுத்துறையின் 2023 கணக்கில் இப்படிப்பட்டவர்கள் சுமார் 25,000 பேர். பெரும்பாலோர் அரசு அலுவலகங்களுக்குக் கட்டுக்கட்டாகக் கடிதம் எழுதுவதோடு சரி. ஆனால் 2016 அக்டோபரில் பவேரியாவின் கியோர்கென்ஸ்க்முண்டில், துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்யப் போன காவலர்களை நோக்கி இந்த வகையறாவைச் சேர்ந்த ஒருவர் சுட்டதில் ஒரு காவலர் இறந்தார். 2022 டிசம்பர் 7 அன்று சுமார் 3,000 காவலர்கள் 11 மாநிலங்களில் சோதனை நடத்தினார்கள்; இதே வகையறாவோடு தொடர்புள்ள 25 பேர் கைதானார்கள். நாடாளுமன்றத்துக்குள் ஆயுதத்தோடு புகுந்து ஆட்சியைக் கவிழ்க்க அவர்கள் திட்டமிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. தலைவராகச் சொல்லப்படும் பதிமூன்றாம் ஹைன்ரிஷ் ராய்ஸ் இளவரசரின் வேட்டை மாளிகை, நீங்கள் இருக்கும் துரிங்கியாவில், பாட் லோபென்ஸ்டைனில்தான் இருக்கிறது. கூட இருந்தவர்களில் முன்னாள் ராணுவத்தினர் உண்டு. பெர்லின் நீதிபதியாக இருந்த முன்னாள் எம்.பி. ஒருவரும் உண்டு. கைநாட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டு விட முடியாதது இதனால்தான்.

ஆகவே அவரிடம் விவாதத்துக்கு நிற்காதீர்கள். ஜெயித்தாலும் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. துப்பாக்கி, ‘அந்த நாள் வரப்போகிறது’ என்ற பேச்சு காதில் விழுந்தால் மட்டும் காவல்துறையிடம் சொல்லுங்கள். வாடகையை வங்கி வழியாகவே கட்டுங்கள், கையில் காசாகக் கொடுக்க வேண்டாம். முன்பணமாக 3 மாத அடிப்படை வாடகைக்கு மேல் அவர் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. அதையும் தன் சொந்தப் பணத்தோடு கலக்காமல் தனியாக வைத்திருக்க வேண்டும். எந்த வங்கியில் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதற்கும் முரண்டு பிடித்தால், உங்கள் ஊர் வாடகைதாரர் சங்கத்தில் சேர்ந்துவிட்டு வேறு அறை பார்க்கத் தொடங்கலாம்.