முக்திநாத்தில் பெருமாளுக்குப் பூஜை செய்வது பௌத்தப் பெண் துறவிகளாமே, உண்மையா? வயதான அம்மாவை அங்கே அழைத்துப் போகலாமா?

உண்மைதான். அழைத்துப் போகலாம். அவசரமாக இருப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், நான் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன்.

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிகிறது. அம்மா சோழநாடு, பாண்டிநாடு, மலைநாடு எல்லாம் சேவித்து முடித்திருப்பார். வடக்கே அயோத்தி, பத்ரியும் ஆகியிருக்கும். சாளக்கிராமம் என்று ஆழ்வார்கள் பாடிய இந்த முக்திநாத் மட்டும் பாக்கி. டூர்காரர் ஒருவர் நோட்டீஸ் கொடுத்திருப்பார். வீட்டில் ஒருத்தர் "இந்த வயசுல அவ்வளவு உயரமா?" என்பார். இன்னொருத்தர் வாட்ஸ்அப்பில் வந்ததைப் படித்துவிட்டு, "அது புத்தர் கோயிலாமே, அங்க எதுக்கு?" என்பார். எங்கள் வீட்டிலும் வரிக்கு வரி இதேதான் நடந்தது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் ஸ்ரீரங்கத்துக்கு வாக்கப்பட்டு வந்தவள். பிறந்த ஊர் திண்டுக்கல் பக்கம். பெருமாள் கோயில் பழக்கமெல்லாம் கல்யாணத்துக்குப் பிறகு மாமியாரிடம் கற்றுக்கொண்டதுதான். ஆகமம், சம்பிரதாயம் தெரிந்தவர்கள் என்னிடம் வழக்குக்கு வர வேண்டாம். கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

முக்திநாத் இருப்பது நேபாளத்தின் முஸ்தாங் மாவட்டத்தில், 3,700 மீட்டருக்கு மேலே. சுற்றியுள்ள ஊர்களில் திபெத்தியப் பௌத்தம்தான் அதிகம். அந்த இடத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் சூமிக் கியாட்சா. குரு ரின்போச்சே என்று அவர்கள் வணங்கும் பத்மசம்பவர் திபெத்துக்குப் போகிற வழியில் அங்கே தங்கித் தியானம் செய்தார் என்பது அவர்கள் நம்பிக்கை. கோயிலைச் சுற்றியுள்ள மரங்களெல்லாம் 84 சித்தர்கள் ஊன்றிவிட்டுப் போன கைத்தடிகள் தழைத்தவை என்று ஒரு கதையும் உண்டு. நாம் பெருமாள் என்று சேவிக்கும் அதே திருமேனி அவர்களுக்குச் சென்ரெசிக், அதாவது அவலோகிதேஸ்வரர். சந்நிதியில் கருஞ்சிவப்பு உடுத்திய ஒரு பிக்குணி இருப்பார், நேபாளப் பூசாரியும் இருப்பார். தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறது. "ஆக்கிரமிப்பு" என்று ஏசி அறையிலிருந்து எழுதுகிறவர்கள் ஒரு தை மாதம் அங்கே போய் இருந்து பார்த்துவிட்டு எழுதட்டும்.

இனி எங்கள் கதை. மாமியாருக்கு அப்போது 74 வயது. சர்க்கரை உண்டு, முட்டிவலி உண்டு, நெஞ்சில் கோளாறு ஒன்றும் கிடையாது. டாக்டரிடம் காட்டி, எக்கோ எடுத்து, மலை மயக்கத்துக்கு மாத்திரை வேண்டுமா என்று கேட்டுக்கொண்டுதான் கிளம்பினோம். கேட்காமல் கூட்டிப்போய்விட்டேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். சொன்னார்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

டூர்காரர் போட்டிருந்த திட்டம்: பொக்காராவிலிருந்து காலை விமானத்தில் ஜோம்சோம், அங்கிருந்து ஜீப்பில் முக்திநாத், சேவை முடித்து அன்றைக்கே கீழே இறங்கிவிடுவது. நோட்டீஸில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் பொக்காரா 800 மீட்டர் சொச்சம், ஜோம்சோம் 2,700, முக்திநாத் அதற்கு மேல் இன்னும் ஆயிரம். முக்திநாத்தில் மூச்சுக்கு மூச்சு உள்ளே போகும் ஆக்சிஜன் நம் ஊரில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. காலையில் பொக்காராவில் காபி குடித்த உடம்பை மதியத்துக்குள் அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் அது எப்படித் தாங்கும்?

நல்ல வேளையாக, பொக்காராவில் மேகம் இறங்கி விமானம் ரத்தாகிவிட்டது. நல்ல வேளை என்று சொல்வது நான் மட்டும்தான், மற்றவர்கள் எல்லாம் கத்திக்கொண்டிருந்தார்கள். ஜோம்சோம் விமானம் காலையில் மட்டும்தான் பறக்கும். தவளகிரிக்கும் அன்னபூர்ணாவுக்கும் நடுவே காளி கண்டகி ஆறு குடைந்துபோயிருக்கும் பள்ளத்தாக்கு அது. வெயில் ஏற ஏற மேலே திபெத் பக்கத்துப் பீடபூமி சூடாகி, கீழேயிருந்து காற்றை இழுக்கும். பதினொரு மணிக்கு மேல் ஆளையே தள்ளுகிற காற்று. அதனால் ஜீப்பில் போனோம். பேனி தாண்டியதும் இடுப்பெலும்பு கழன்றுவிடும் போலிருந்தது. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் கிடுகிடு பள்ளம், வாயெல்லாம் புழுதி. மாமியார் வழி முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வந்தார், மார்பாவில் உலர்ந்த ஆப்பிள் வாங்கிக் கொடுத்தபோதுதான் கண் திறந்தார். இருட்டுவதற்குள் ஜோம்சோம் போய்ச் சேர்ந்து அங்கேயே இரவு தங்கினோம். அந்த ஒரு ராத்திரிதான் அவரைக் காப்பாற்றியது என்பது என் எண்ணம். கூட வந்த டாக்டர் ஒருவரும் அதையே சொன்னார்.

மறுநாள் ராணிபௌவாவில் ஜீப்பை நிறுத்திவிட்டார்கள். அதற்கு மேல் ஏற்றமும் படிகளும்தான். குதிரை இருக்கிறது. மாமியார் ஏறமாட்டேன் என்றுவிட்டார். "குதிரையில நம்பெருமாள் ஏறுவார். நான் ஏறினா குதிரைக்குத்தான் பாவம்." பத்தடிக்கு ஒருமுறை நின்று நின்று நடந்தோம். வழி நெடுக சாளக்கிராமக் கல் விற்கும் கடை, சால்வைக் கடை. நேரம் ஆவதைப் பார்த்து டூர்காரரின் பையன் முன்னால் ஓடி ஓடித் திரும்பி வந்து "பாட்டிம்மா, கொஞ்சம் சீக்கிரம்" என்றான். அவன் மேல் தப்பில்லை, அவனுக்குச் சொல்லி அனுப்பியது அப்படி.

கோயில் என்னவோ சின்னப் பகோடாதான். அதன் பின்னால் அரைவட்டமாக 108 மாட்டுத்தலைத் தூம்புகள், ஒவ்வொன்றிலிருந்தும் பனி உருகின தண்ணீர். எங்கள் குழுவில் ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு "கோவிந்தா" என்று அலறியபடி அடியில் ஓடினார்கள். மாமியாரை நான் குளிக்க விடவில்லை. கோபித்துக்கொண்டார். பிறகு ஒவ்வொரு தூம்பிலும் விரல் நனைத்துத் தலையில் தெளித்துக்கொண்டே ஒன்றுவிடாமல் சுற்றி வந்தார். உங்கள் அம்மாவும் குளிப்பேன் என்றுதான் அடம்பிடிப்பார். தெளித்தால் போதும்.

சேவை நிதானமாக நடந்தது. ஸ்ரீரங்கத்தில் "நகருங்க நகருங்க" கேட்டே பழகியவருக்கு இது புதுசு. பிக்குணி கொடுத்த தீர்த்தத்தை வாங்கிக்கொண்டார். அப்போது ஒன்றும் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் அவருக்குத் தலை கனத்தது. ஒரு திண்டில் உட்கார்ந்துவிட்டார். நடக்கிற தூரத்தில்தான் ஜ்வாலா மாயி. பௌத்தர்களின் கோம்பா, அதாவது மடாலயம் அது; உள்ளே தண்ணீரோடு சேர்ந்து எரியும் நெருப்பு உண்டு என்று நான் படித்து வைத்திருந்தேன். அங்கே போய்க் கொஞ்சம் உட்காரலாம் என்றேன். குழுவில் இருந்த ஒரு ரிட்டயர்டு அதிகாரி, "அது அவங்க கோயில்மா, நமக்குச் சம்பந்தமில்ல. காத்து ஆரம்பிச்சுடும், கிளம்பணும்" என்றார். இவர்களுக்குப் பட்டியலில் ஒரு டிக் விழுந்தால் போதும். வீட்டை அடமானம் வைக்காத குறையாகச் செலவு செய்து அவ்வளவு தூரம் வந்து, முக்கால் மணி நேரத்தில் ஓடுகிறார்கள். எனக்கு அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

நாங்கள் போனோம். வாசலில் இருந்த வயதான பிக்குணி ஒருவர் மாமியாரின் முகத்தைப் பார்த்தவுடனே தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்க் கம்பளத்தில் உட்கார வைத்துவிட்டார். உள்ளே இருட்டு, வெண்ணெய் விளக்கு வாசனை. பீடத்துக்கு அடியில் ஒரு சின்னத் திரையை ஒதுக்கிக் குனிந்து பார்க்கச் சொல்லிக் கை காட்டினார். கம்பி வலைக்குப் பின்னால் விரல் அளவுக்கு நீல நெருப்பு. பக்கத்திலேயே தண்ணீர் ஓடும் சத்தம். இது இயற்கை எரிவாயு என்று எனக்குத் தெரியும், யாரும் பாடம் எடுக்க வர வேண்டாம். நானே பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறவள்தான். தெரிந்தே பார்த்தபோதும் நன்றாகத்தான் இருந்தது.

முட்டிவலியில் மாமியாருக்குக் குனிய வரவில்லை. என்ன செய்தார் தெரியுமா? பெண்கள் நெடுஞ்சாண்கிடையாக விழக் கூடாது என்று எனக்குக் கல்யாணமான புதிதில் சொல்லிக்கொடுத்தவர், அந்தத் தரையில் அப்படியே நீட்டிப் படுத்து அந்த நெருப்பைப் பார்த்தார். எழுப்புவதற்கு நானும் பிக்குணியும் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது.

அப்புறம் உப்புப் போட்ட வெண்ணெய்த் தேநீர் வந்தது. வெளியூரில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார் எங்கள் அத்தை. முழு டம்ளரையும் குடித்தார். குடித்துவிட்டு அந்த அம்மாளிடம் தமிழில் பேச ஆரம்பித்துவிட்டார்: "எங்க திருமங்கையாழ்வார் நாகப்பட்டினத்துல இருந்த உங்க தங்க புத்தரை எடுத்துட்டு வந்து எங்க ஊர்ல மதில் கட்டிட்டார். அவர் பாடின பெருமாளுக்கு நீங்க வெளக்கு ஏத்துறீங்க." ஆழ்வார், ஆசாரியர்களின் சரித்திரம் சொல்லும் குருபரம்பரை நூலில் வரும் கதை அது. பிக்குணிக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினார். "ஆழ்வாரைக் குறை சொன்னாயா?" என்று கேட்க வருகிறவர்களுக்கு: நான் சொல்லவில்லை, தினமும் திருமொழி சேவிக்கிற மாமியார் சொன்னது. அவரிடமே வந்து கேளுங்கள், வீட்டில்தான் இருக்கிறார்.

ஊருக்கு வந்தபிறகு அவர் தெருவில் எல்லோரிடமும் சொன்னது நெருப்பைப் பற்றியும் இல்லை, பௌத்தத்தைப் பற்றியும் இல்லை. "பொம்பளை கையால தீர்த்தம் வாங்கினேன். பெருமாள் பக்கத்துல நின்னு கொடுத்தா." இதையேதான் திரும்பத் திரும்ப. சிலர் முகம் சுளித்தார்கள். அவர் நிறுத்தவில்லை.

முகம் சுளித்தவர்களில் என் கொழுந்தனாரும் உண்டு. அமெரிக்காவிலிருந்து குரல் பதிவு: "அண்ணி, அம்மாவுக்கு ஏதாவது ஆகியிருந்தா யார் பொறுப்பு?" இவர் அம்மாவை நேரில் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது என்று கேட்டால் கோபம் வரும். கண்புரை ஆபரேஷனுக்கு யார் கூட இருந்தது? வீட்டு வரி யார் கட்டுகிறது? மாடிக்குழாய் உடைந்தால் பிளம்பரைத் தேடி யார் அலைவது? பக்கத்தில் இருந்து பார்க்கிறவர்களுக்குப் பொறுப்பு, தூரத்தில் இருப்பவர்களுக்கு அறிவுரை. பாகம் பிரிக்கிற பேச்சு வரும்போது மட்டும் இரண்டு பங்கும் சமம். சரி, விடுங்கள். நீங்கள் கேட்டது இது இல்லை.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். பங்குனியிலிருந்து வைகாசி வரை, அல்லது ஐப்பசி, கார்த்திகையில் போங்கள். ஜோம்சோமில் இரவு தங்காத திட்டம் என்றால் அந்த டூரே வேண்டாம். காசு கட்டுவதற்கு முன் இதைக் கேட்டுவிடுங்கள். ஜ்வாலா மாயிக்கு நேரம் கொடுப்பீர்களா என்றும் கேளுங்கள். மேலே தலைவலியோடு வாந்தியும் தள்ளாட்டமும் வந்தால் சேவையாவது ஒன்றாவது, உடனே கீழே இறக்கிவிடுங்கள். நெஞ்சுக் கோளாறோ ஆஸ்துமாவோ இருந்தால் டாக்டர் சொல்கிறபடிதான், நான் சொல்கிறபடி இல்லை. நேபாளத்துக்கு விமானத்தில் போக 15 முதல் 65 வயது வரை உள்ளவர்களுக்கு ஆதார் கார்டு செல்லாது. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். எங்கள் குழுவில் ஒரு தம்பதி ஆதாரோடு விமான நிலையத்தில் நின்றார்கள், பாவம். கையில் நூறு ரூபாய்த் தாளாக வைத்துக்கொள்ளுங்கள், கடைகளில் வாங்கிக்கொள்கிறார்கள். அம்மாவுக்குக் குரங்குக் குல்லா அவசியம், வெட்கப்பட்டால் நீங்களும் ஒன்று மாட்டிக்கொள்ளுங்கள்.

ஹெலிகாப்டர் எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள், நான் ஏறியதில்லை. கொழுந்தனார் அடுத்த முறை இந்தியா வரும்போது குடும்பத்தோடு அப்படித்தான் போகப் போகிறாராம். போய் வந்தால் அவரே இங்கே எழுதுவார்.