கணினிக் கேள்வி – பதில்: ‘சேமி’ பட்டன் எங்கே போயிற்று?

கேள்வி: சிறு தேயிலை விவசாயிகளிடம் பசுந்தேயிலை வாங்கும் நிலையம் ஒன்றுக்காக ஜாவா ஸ்விங்கில் (ஜாவா மொழியில் ஜன்னல், பட்டன் முதலியவற்றை அமைக்கும் தொகுப்பு) ஒரு பதிவு மென்பொருள் எழுதியிருக்கிறேன். உறுப்பினர் எண், இலை எடை, ஈரக் கழிவு (ஈரத்துக்காகக் கழிக்கும் எடை), நிகர எடை ஆகியவற்றுக்கான கட்டங்களை, திரையில் இடத்தைப் பங்கிடும் லேஅவுட் மேனேஜர் எதுவும் வைக்காமல், இடத்தையும் அளவையும் நேரடியாகக் குறிக்கும் செட்பவுண்ட்ஸ் மூலம் பிக்சல் கணக்கில் அளந்து வைத்தேன். என் மடிக்கணினியில் சரியாகத் தெரியும் திரை, நிலையத்துக் கணினியில் குலைந்துவிடுகிறது. ‘நிகர எடை’ என்ற லேபிள் பாதியில் வெட்டுப்படுகிறது. ‘சேமி’ பட்டன் ஜன்னலுக்குக் கீழே மறைந்துவிடுகிறது. எண்களை எல்லாம் மாற்றித்தான் எழுத வேண்டுமா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: மாற்ற வேண்டாம், அந்த எண்களையே நீக்கிவிடுங்கள். நீங்கள் அளந்தது உங்கள் மடிக்கணினியின் எழுத்துருவை வைத்து. ஒரு கணினியில் லதா என்ற எழுத்துருவும் மற்றொன்றில் நிர்மலா என்ற எழுத்துருவும் தமிழ் எழுத்தைக் காட்டினால், அதே இரண்டு சொற்கள் வேறு அகலத்தையும் வேறு உயரத்தையும் பெறுகின்றன. ஜன்னலுக்கு நீங்கள் கொடுக்கும் உயரத்தில் தலைப்புப் பட்டையும் ஓரங்களும் அடங்கிவிடுவதால், அவை தடிமனாக உள்ள கணினியில் உள்ளே கிடைக்கும் இடம் குறைந்து, அடியில் இருக்கும் பட்டன்தான் முதலில் மறைகிறது.

ஸ்விங்கில் ஒவ்வொரு லேபிளும் பட்டனும், தன் எழுத்துருவையும் சொற்களையும் கொண்டு, தனக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்ற விருப்ப அளவைத் தானே கணக்கிட்டு வைத்திருக்கிறது. அதைக் கேட்டறிந்து இடத்தைப் பங்கிடுவதே லேஅவுட் மேனேஜரின் வேலை. எது எதற்குப் பக்கத்தில், எது விரியலாம், எது விரியக் கூடாது என்பதை மட்டும் நீங்கள் சொன்னால் போதும்.

உங்கள் திரைக்கு இப்படிச் செய்யலாம். ஜேபிரேமின் (ஸ்விங்கின் ஜன்னல்) உள்பகுதிக்கு, இடத்தை நான்கு திசைகளாகவும் நடுப்பகுதியாகவும் பிரிக்கும் பார்டர்லேஅவுட் இயல்பாகவே இருக்கிறது. அதன் வடக்கில் பதிவுக் கட்டங்கள் உள்ள பேனலையும் (பல உறுப்புகளைத் தாங்கும் பலகை), தெற்கில் பட்டன்கள் உள்ள பேனலையும், நடுவில் அன்றைய பதிவுகளைக் காட்டும் அட்டவணையை உருட்டிப் பார்க்க உதவும் ஒரு ஸ்க்ரோல்பேனுக்குள்ளும் வையுங்கள். வடக்கும் தெற்கும் தம் விருப்ப உயரத்தை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவதுதான் நடுப்பகுதிக்குக் கிடைக்கும் என்பதால், ஜன்னலைச் சுருக்கும்போது அட்டவணைதான் குறுகுமே தவிர ‘சேமி’ பட்டன் தன் இடத்தில் நிற்கும்.

பதிவுக் கட்டங்களுக்கு கிரிட்லேஅவுட் வேண்டாம். அது எல்லா அறைகளையும் ஒரே அளவாக்குவதால், லேபிளுக்கும் தேவைக்கு மேல் அகலம் ஒதுக்கப்பட்டுவிடும். நெடுவரிசைக்கு நெடுவரிசை அளவு மாறக்கூடிய கிரிட்பேக்லேஅவுட்தான் இங்கே பொருத்தமானது. பலர் இதைக் கண்டு அஞ்சுவதற்குக் காரணம், மிஞ்சும் அகலத்தில் பங்கைக் குறிக்கும் வெயிட்எக்ஸ் மதிப்பு சொல்லாமல் விட்டால் அது 0 ஆகவே இருந்து, கட்டங்கள் எல்லாம் நடுவில் குவிந்துவிடுவதுதான். இடம் சற்றே போதாமல் போனாலும், கிரிட்பேக்லேஅவுட் எல்லாவற்றையும் குறைந்தபட்ச அளவுக்கு இறக்கிவிடுவதால், எடை எழுதும் கட்டம் ஒரு கோடுபோல ஒடுங்கிவிடும். லேபிள்களின் நெடுவரிசைக்கு வெயிட்எக்ஸ் 0 என்றும், எழுதும் கட்டங்களின் நெடுவரிசைக்கு 1 என்றும் கொடுத்து, பின்னதற்கு மட்டும், இடத்தை நிரப்பும் திசையைக் குறிக்கும் ஃபில் என்பதைக் கிடைமட்டம் என அமையுங்கள். இரண்டு தொல்லையும் தீரும். எல்லாவற்றையும் சேர்த்து முடித்தபின், ஜன்னலை உள்ளடக்கத்துக்கு ஏற்ற அளவாக்கும் பேக் என்பதை அழைத்து, அப்போது கிடைக்கும் அளவையே ஜன்னலின் குறைந்தபட்ச அளவாக வைத்துவிடுங்கள்.

இடம் போதவில்லை என்பதற்காகத் தமிழ் லேபிள்களை ஆங்கிலச் சுருக்கங்களாக மாற்றிவிடாதீர்கள். தன் இலைக்கு எவ்வளவு ஈரக் கழிவு போடப்பட்டது என்பதை விவசாயி திரையிலேயே தன் மொழியில் படித்துக்கொள்ள முடிவது, உங்கள் மென்பொருளின் மிக நல்ல பகுதி. சொல்லுக்கு ஏற்ப இடம் விரியட்டும்.

கேள்வி: ‘மேலும் ஒரு வரி’ பட்டனை அழுத்தினால் புதிய வரி தோன்றவில்லை, ஜன்னலை இழுத்துப் பெரிதாக்கினால்தான் தெரிகிறது. ஏன்?
– கல்லூரி மாணவி, குன்னூர்

பதில்: திரையில் தோன்றிவிட்ட பேனலில் புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது பழைய இடக் கணக்கு செல்லாததாகிறது, ஆனால் மறுகணக்கு தானாகத் தொடங்குவதில்லை. ஜன்னலின் அளவு மாறும்போது அது நடப்பதால்தான் அப்போது வரி தெரிகிறது. சேர்த்தவுடன் அந்தப் பேனலில் இடத்தை மறுகணக்கிடும் ரீவேலிடேட், அடுத்து திரையை மறுபடி வரையும் ரீபெயின்ட் ஆகிய இரண்டையும் அழையுங்கள். வரிகளை பாக்ஸ்லேஅவுட்டில் மேலிருந்து கீழாக அடுக்கினால், அவை உயரத்திலும் நீண்டு வீங்கக்கூடும்; அந்தப் பேனலை மற்றொரு பார்டர்லேஅவுட் பேனலின் வடக்கில் வைத்தால் வரிகள் தம் இயல்பான உயரத்திலேயே நிற்கும்.

கேள்வி: ஜேபிரேமில் மூன்று பட்டன்களைச் சேர்த்தேன், கடைசிப் பட்டன் மட்டும் ஜன்னல் முழுவதையும் நிரப்பி நிற்கிறது.
– வாசகர், உதகை

பதில்: திசை சொல்லாமல் சேர்த்தால் பார்டர்லேஅவுட் ஒவ்வொன்றையும் நடுப்பகுதிக்கே அனுப்புகிறது, அங்கே ஒன்றுக்குத்தான் இடம் என்பதால் கடைசியாக வந்ததே காட்சி தருகிறது. மூன்றையும் முதலில் ஒரு ஜேபேனலில் சேர்த்து, அந்தப் பேனலை ஜேபிரேமில் வையுங்கள். ஜேபேனலின் இயல்பான ஃப்ளோலேஅவுட் அவற்றை 5 பிக்சல் இடைவெளியில் வரிசையாக நிறுத்தும்.